திறந்தவெளிப் பாட்டுக் கச்சேரிக்குப் போகிறீர்களா? டிக்கெட் எடுப்பது முதல் வீடு வந்து சேர்வது வரை

பிடித்த பாடகர் சென்னைக்கு வருகிறார் என்று அறிவிப்பு வந்ததுமே எல்லோரும் கேட்பது, "எந்த டிக்கெட் வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கச்சேரி எங்கே நடக்கிறது, இரவு பத்து மணிக்கு அங்கிருந்து எப்படி வீடு திரும்பப் போகிறோம்? கச்சேரிக்குப் போய் நொந்து திரும்பியவர்கள் பாட்டைக் குறை சொல்வது அபூர்வம். சாலையையும் கேட்டையும் கூட்டத்தையும்தான் சொல்வார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில் கையில் டிக்கெட் வைத்திருந்த பலரே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) வண்டிகள் நெடுநேரம் நகரவில்லை. அன்று பாட்டு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த வழியில் வந்தார்கள் என்பதுதான்.

ஆகவே இடத்திலிருந்தே தொடங்குவோம்.

இடமும் வழியும்

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் வந்து போகச் சுலபமான இடம். அண்ணா சாலையை ஒட்டியே இருக்கிறது, மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். சிக்கல் திரும்பும்போதுதான். கச்சேரி முடிந்ததும் அத்தனை கூட்டமும் நந்தனம் நிலையத்துக்குள் இறங்கும். அப்போது கூட்டத்தோடு போகாமல் கொஞ்சம் நடந்தால் நிம்மதி. சென்ட்ரல், வண்ணாரப்பேட்டை பக்கம் போகிறவர்கள் தெற்கே சைதாப்பேட்டை நிலையத்துக்கு நடந்து அங்கே ஏறுங்கள்; ரயில் நந்தனம் வருவதற்குள் உங்களுக்கு நிற்கவாவது நல்ல இடம் கிடைத்திருக்கும். கிண்டி, விமான நிலையம் பக்கம் போகிறவர்களுக்கு இதே கணக்குத் தலைகீழ்: வடக்கே தேனாம்பேட்டைக்கு நடந்து ஏற வேண்டும். மெட்ரோவின் கடைசி ரயில் வழக்கமாக இரவு 11 மணிக்கு முனையத்திலிருந்து புறப்படும். திரும்பும் டிக்கெட்டுக்காக கவுண்டரில் நிற்பது வீண் வேலை; சிங்கார சென்னை அட்டையில் போகும்போதே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சில கச்சேரிகளுக்கு ஏற்பாட்டாளர்களே மெட்ரோ பயணத்தையும் டிக்கெட்டோடு சேர்த்துத் தருவார்கள். அறிவிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கம் மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லாத இடம். சென்ட்ரல் பக்கத்திலேயே இருப்பதால் மெட்ரோ, புறநகர் ரயில், பேருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் சென்னையில் கிடையாது. தீவுத்திடலுக்கு அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்தோ சென்ட்ரலிலிருந்தோ வரலாம். நடை கொஞ்சம் நீளம். வயதானவர்கள் கூட வந்தால் ஆட்டோவில் வருவது நல்லது.

ஈசிஆர் வேறு ரகம். ரயில் கிடையாது, பிரதான சாலை ஒன்றே ஒன்று. அக்கரை, பனையூர் பக்கம் கச்சேரி என்றால் திருவான்மியூரிலிருந்து நேராக வருவதற்குப் பதிலாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) சோழிங்கநல்லூர் வரை வந்து, அங்கிருந்து அக்கரைக்குப் போகும் இணைப்புச் சாலையைப் பிடிப்பது ஒரு மாற்று வழி. ஏழு மணிக் கச்சேரிக்கு மூன்றரைக்குள் அந்தப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் முதல் பாட்டை மட்டுமல்ல, நுழைவையே இழக்கலாம். காரைவிட இருசக்கர வாகனம் மேல். வண்டியை நிறுத்தும்போது திரும்பும் திசையைப் பார்த்தே நிறுத்துங்கள். கூட்டம் கலையும் நேரத்தில் மைதானத்துக்குள் வண்டியைத் திருப்பவே அரை மணி நேரம் போய்விடும்.

மாதத்தையும் பாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சென்னையில் திறந்தவெளிக்கு உகந்த காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை வரும். பனையூர்க் கச்சேரியே முதலில் ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. தள்ளிப்போனால் பெரும்பாலும் பழைய டிக்கெட்டே புதிய தேதிக்குச் செல்லும். புதிய தேதியில் வர முடியாதவர்கள் பணம் திரும்பக் கேட்கக் குறிப்பிட்ட சில நாட்கள்தான் தருவார்கள், அந்த மின்னஞ்சல் விளம்பரக் குப்பைக்குள் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் திறக்கும் நாள்

விற்பனை தொடங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே புக்மைஷோவோ டிஸ்ட்ரிக்டோ எதில் விற்கிறார்களோ அதில் உள்நுழைந்து தயாராக இருங்கள். ஓடிபிக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் நல்ல பகுதிகள் காலியாகும். பெயர், எண், மின்னஞ்சல் எல்லாம் முன்பே பதிந்திருக்கட்டும். தளம் உங்களைக் காத்திருப்பு வரிசையில் நிறுத்தினால் பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பிக்காதீர்கள். பல தளங்களில் அப்படிச் செய்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். எத்தனை டிக்கெட், எந்தப் பகுதி, அது இல்லையென்றால் அடுத்து எது என்பதை நண்பர்களோடு முன்பே பேசி முடித்துவிடுங்கள். விற்பனை நடக்கும்போது வாட்ஸப் குழுவில் ஆலோசனை கேட்டவர்கள் டிக்கெட் வாங்கியதாகச் சரித்திரமில்லை.

காட்டும் விலைக்கு மேல் வரியும் முன்பதிவுக் கட்டணமும் சேரும். நாலு டிக்கெட் சேரும்போது அது கணிசமான தொகை. கணக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

யூபிஐயில் பணம் போய், டிக்கெட் வரவில்லையா? பதற வேண்டாம், உடனே மறுபடியும் கட்டவும் வேண்டாம். முதலில் "என் பதிவுகள்" பகுதியையும் மின்னஞ்சலையும் பாருங்கள், சில நிமிடம் கழித்து வந்து சேர்வதுண்டு. வராவிட்டால், கடைக்காரருக்குப் போய்ச் சேராத யூபிஐ பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள்.

டிக்கெட் தீர்ந்த பிறகுதான் ஆபத்து ஆரம்பம். "எனக்கு வர முடியவில்லை, ரெண்டு டிக்கெட் இருக்கு" என்று இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் வருகிற செய்திகளில் உண்மையும் உண்டு, மோசடியும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பப்படும் க்யூஆர் கோடு எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாசலில் முதலில் ஸ்கேன் ஆனவருக்குத்தான் அனுமதி. செயலிக்குள்ளேயே டிக்கெட்டை உங்கள் எண்ணுக்கு மாற்றித்தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இதே காரணத்துக்காகத்தான் இன்னொன்றும்: டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம் எடுத்துப் போடும்போது க்யூஆர் கோடையும் பதிவு எண்ணையும் மறைத்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் போட்ட டிக்கெட்டை வேறொருவர் படியெடுத்து உங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட முடியும்.

எங்கே நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும்

பணம் கூடக் கொடுத்தால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கூடக் கொடுக்கும் பணம் பாடகரின் முகத்தை அருகில் பார்ப்பதற்கு. கேட்பதற்கான இடம் வேறு.

மேடையின் இரு பக்கமும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, வாழைத்தார் போல வளைந்து தொங்கும். அவை தூரத்தில் இருப்பவர்களுக்காகக் கோணம் பார்த்துக் கட்டப்பட்டவை. பேஸ் எனப்படும் தாழ்ந்த, அதிரும் ஒலியை மட்டும் தரும் பெரிய பெட்டிகள் மேடைக்குக் கீழே தரையில் இருக்கும். ஆகவே மேடையின் ஓரத்தில், முதல் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? தொங்கும் பெட்டிகளின் ஒலி தலைக்கு மேலே தாண்டிப் போகும், நெஞ்சில் பேஸ் மட்டும் இடிக்கும். இப்போதெல்லாம் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் காதுக்குள் பொருத்திய சிறு கருவியில்தான் தங்கள் குரலைக் கேட்டுக்கொள்கிறார்கள். மேடையிலிருந்து நேரடியாகக் குரல் வருவது மிகக் குறைவு. மேடை விளிம்பில் சிறு பெட்டிகள் வரிசையாக வைத்திருந்தால் முன்வரிசைக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கும், இல்லையென்றால் டிரம்ஸ் சத்தத்தில் வரிகள் கரைந்துபோகும்.

ஒலிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கும் மிக்சிங் கூடாரத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் மைதானத்தின் நடுக்கோட்டில், மேடைக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி இருக்கும். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் திருத்துகிறார். எனவே அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ, இடது வலது பக்கங்களிலோ கிடைக்கும் ஒலிதான் அன்றைய கச்சேரியின் மிகச் சரியான ஒலி. அது எந்தப் பகுதிக்குள் வருகிறது என்பதை டிக்கெட் விற்கும் தளத்தில் காட்டும் இருக்கைப் படத்தில் பாருங்கள். அநேகமாக நடுத்தர விலைப் பகுதியாகவே இருக்கும். கூடாரத்துக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம், கம்பிகளும் ஆட்களும் மேடையை மறைப்பார்கள்.

பின்பகுதியில் உட்காருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய 0.3 வினாடி தாமதமாகக் கேட்கும். பெரிய திரையில் வாயசைவு முந்தி, குரல் பிந்தி வரும். நடுவில் கோபுரங்கள் கட்டி, நேரத்தைச் சரிசெய்து கூடுதல் ஒலிபெருக்கிகள் வைத்திருந்தால் பின்னாலும் வார்த்தை தெளிவாகக் கேட்கும். அப்படி எதுவும் இல்லாத மைதானத்தில் கடைசிப் பகுதி டிக்கெட் எடுப்பது, பாட்டைவிட அந்த இரவின் உற்சாகத்துக்காகப் போகிறவர்களுக்கே சரி. கடற்கரையை ஒட்டிய இடங்களில் காற்று திசை மாறும்போது குரல் கிட்டே வந்து எட்டப்போவதும் உண்டு. நேரு அரங்கம் போன்ற மூடிய இடத்தில் பிரச்சினை வேறு: கூரையிலும் எதிர்ச் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி. அங்கே மேடைக்கு எதிர்முனையின் உச்சிப் படிகளைவிட நடு உயரத்தில் உள்ள படிகள் மேல்.

பார்வைக்கு ஒரு கணக்கு. பிளாட்டினம் என்ற விலை கூடிய பகுதியின் கடைசி வரிசையைவிட, அதற்கு அடுத்த கோல்டு பகுதியின் முதல் வரிசை பல நேரங்களில் மேல். முன்னால் தடுப்புக் கம்பி இருக்கும், அதற்கும் முன் வரிசைக்கும் நடுவில் நடைபாதை விட்டிருப்பார்கள், எதிரே தலைகள் குறைவு. விலையும் குறைவு. ஆனால் இருக்கை எண் போடாத பகுதி என்றால், அந்த முதல் வரிசைக்குக் கேட் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். மேடையை ஒட்டி எல்லோரும் நின்று பார்க்கும் ஃபேன் பிட் பகுதிக்கு உயரம் குறைந்தவர்கள் ஆசைப்பட வேண்டாம். தூக்கிப் பிடித்த கைகளையும் போன்களையும்தான் பார்க்க வேண்டியிருக்கும். மேடையிலிருந்து நடுவே நீண்டு வரும் ராம்ப் இருக்கிறதா, கேமரா கிரேன் எந்தப் பக்கம் என்பதையும் படத்தில் பாருங்கள். கிரேன் இருக்கும் பக்கத்தில் அது மூன்று மணி நேரமும் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கும்.

குடும்பத்தில் பெரியவர்களோடு போகிறவர்கள் எண் போட்ட இருக்கைகளையே எடுங்கள். எண் இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிப் பகுதியில் நாலாவது பாட்டுக்கே முன்னால் இருப்பவர்கள் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள். சக்கர நாற்காலி தேவை என்றால் ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டாளருக்கு எழுதி, பதிலைப் போனில் வைத்திருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை, வேண்டாதவை

தடை செய்த பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு கச்சேரிக்கும் மாறும். குடை, தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, செல்ஃபி ஸ்டிக், லைட்டர், வாசனைத் திரவியம், லென்ஸ் மாற்றும் கேமரா ஆகியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். பவர் பேங்க் சில இடங்களில் கூடும், சில இடங்களில் கூடாது. பொருள் பாதுகாப்பு அறை இல்லாத இடங்களில் வாசலில் பிடுங்கிப் போட்டது போட்டதுதான். அதனால் பை இல்லாமல் போவது உத்தமம். பை வேண்டுமென்றால் தோளில் குறுக்கே மாட்டும் சின்னப் பை போதும்.

அதற்குள் இவ்வளவு போதும்: டிக்கெட் எடுத்தவரின் அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை நோட்டு, காதடைப்பான், டிஷ்யூ, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, மழைக்காலமானால் மடித்து வைக்கும் மெல்லிய மழைக்கோட்டு. யூபிஐயை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கூடும்போது நெட் படுத்துவிடும், தண்ணீர் வாங்கக் காசு வேண்டும். மருந்து, இன்சுலின் எடுத்துப்போகிறவர்கள் மருத்துவரின் சீட்டையும் கூடவே வைத்திருந்தால் வாசலில் வாதாட வேண்டியிருக்காது.

காலில் கட்டாயம் ஷூ. செருப்பு அறுந்தால் கூட்டத்தில் குனிந்து தேடக்கூடாது, ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். ஒய்எம்சிஏ, தீவுத்திடல் போன்ற மண் மைதானங்களில் முதல் நாள் மழை பெய்திருந்தால் கணுக்கால் வரை சேறு இருக்கும். பழைய ஷூவே போதும். உடை பருத்தியாக இருக்கட்டும்.

நாலு நாலரை மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். தயிர்சாதமோ இட்லியோ, தாகம் எடுக்க வைக்காதது எதுவானாலும் சரி. உள்ளே விற்கும் உணவின் விலையைவிட, அதை வாங்க நிற்கும் வரிசையில் போகும் இரண்டு பாட்டுதான் பெரிய நஷ்டம். தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே கடைசி ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயந்து பெண்கள் பலர் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, அது மயக்கத்தில் கொண்டு விடும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்ததைச் சென்னை மறந்திருக்காது. வெயிலும் நெரிசலும் தண்ணீர் கிடைக்காததும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தோம். ஓஆர்எஸ் (தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) வாங்கினால் அளவைப் பாருங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, 4.2 கிராம் சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரியதைச் சின்னப் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு அதிகமாகிக் கெடுதல்தான்.

கழிப்பறைக்கு உள்ளே நுழைந்ததும் ஒருமுறை போய்விடுங்கள். அடுத்த நல்ல வாய்ப்பு, பாடகர் உள்ளே போய் வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் நேரம்.

வாசலில்

க்யூஆர் கோடை வீட்டிலேயே திறந்து பாருங்கள். மாறாத கோடு என்றால் படமெடுத்து வைத்தால் போதும். சில செயலிகளில் கோடு சில வினாடிக்கு ஒருமுறை மாறும், அங்கே ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாசலை நெருங்குவதற்கு முன், நெட் இருக்கும் இடத்திலேயே செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டை கட்டும் கச்சேரி என்றால், முதல் நாளே கொடுக்கிறார்களா என்று பார்த்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பட்டையை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். கழற்றிவிட்டால் அது செல்லாது.

நாலு பேர் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால் நாலு பேரும் சேர்ந்துதான் போக முடியும். பிரித்து அனுப்பிவிடுங்கள். கேட் எண்ணைப் பார்த்து அந்தப் பக்கமே போங்கள். தப்பான கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களை ஒவ்வொரு கச்சேரியிலும் பார்க்கலாம். உள்ளே போனதும் பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள். "திரைப் பக்கத்தில்" என்பது இடமில்லை, "3ஆம் கேட்டுக்கு வெளியே" என்பது இடம். போன் பேச முடியாதபோதும் சாதாரண எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். சிறு பிள்ளைகளின் முன்கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

கூட்டம் இறுகினால்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கச்சேரி தொடங்கும் முன் மழை வந்தது. வெளியே நின்றவர்கள் வாசல் வழியாக உள்ளே நெருக்கியடிக்க, செங்குத்தான படிகளில் விழுந்து 4 பேர் இறந்தார்கள். யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பிப்ரவரி 9 அன்று ஹரிஹரன் கச்சேரியில் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் புகுந்தது. தடுப்புக் கம்பி எவ்வளவு உறுதி என்பது பின்னால் எத்தனை பேர் தள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை நின்றால் நாமே நகர முடியும். ஐந்து, ஆறு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும்; நாம் நகர்வதில்லை, நம்மை நகர்த்துகிறது. இதை எப்படி உணர்வது? கைகளை உயர்த்தி முகத்தைத் துடைக்க முடியவில்லை, இரண்டு மூன்று பக்கமும் உடம்பு உரசுகிறது, காரணமில்லாமல் ஓரடி இரண்டடி தள்ளப்படுகிறோம் என்றால் உடனே வெளியேற வேண்டிய நேரம். பாட்டு எதுவானாலும் சரி.

முன்னோக்கியோ பின்னோக்கியோ போகாமல் குறுக்காக, ஓரத்தை நோக்கி நகருங்கள். அலை தள்ளும்போது எதிர்த்து நிற்காமல், அது ஓய்ந்த கணத்தில் ஓரிரு அடி வையுங்கள். கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் சாவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான். கீழே விழுந்த போனுக்கும் செருப்புக்கும் குனியாதீர்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் சத்தம் போட்டுச் சுற்றி இடம் ஏற்படுத்தி முதலில் தூக்கிவிடுங்கள். சுவர், தடுப்புக் கம்பி, மூடிய கேட் இவற்றின் மேல் சாய்ந்த நிலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மழை வந்தால் ஓட வேண்டாம், நனையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112.

காதும் போனும்

85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிலிடங்களுக்கான பரவலான அளவுகோல். 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம். கச்சேரிகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆகவே காதடைப்பான் பயந்தவர்களுக்கானது இல்லை, இன்னும் முப்பது வருடம் பாட்டு கேட்க விரும்புகிறவர்களுக்கானது. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் கீச்சொலிகளை அதிகமாக வெட்டிவிடும், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இசைக்கென்றே விற்கும் அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். காட்டன் பஞ்சு பயனற்றது. சிறு குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் உறை மாட்டுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

போனில் எடுத்த வீடியோவில் குரல் கரகரப்பது போன் மோசம் என்பதால் அல்ல. பேஸ் அதிர்வு மைக்கின் தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. பேஸ் பெட்டிகளிலிருந்து தள்ளி நின்று எடுத்தால் பாதி சரியாகும். 4கே தேவையில்லை, 1080பி போதும். கோப்பு சிறியது, பாட்டரியும் தங்கும். ஃபிளாஷை அணையுங்கள், இருபது அடிக்கு மேல் அது எதையும் வெளிச்சமாக்காது, முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைத் தவிர. நெட் கிடைக்காத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். எனவே கச்சேரி நடக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டால், திரும்பி வரக் கேப் பதிவு செய்ய பாட்டரி மிஞ்சும். மொத்தக் கச்சேரிக்கும் மூன்றோ நாலோ துண்டு, ஒவ்வொன்றும் அரை நிமிடம். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுங்கள். பின்னால் நிற்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

கேட்பது

பதிவில் இருக்கும் சுருதியிலேயே மேடையில் பாடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபது முப்பது வருடம் முன்பு பாடிய பாட்டை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவது வழக்கம். குரலில் வயது ஏறியிருக்கும், அதற்கேற்ப உணர்ச்சி பாவமும் கூடியிருக்கும். இறக்கிப் பாடியதைக் குறையாகப் பார்ப்பவர்கள் அந்த இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசையை நீட்டுவார்கள், ஆலாபனை சேர்ப்பார்கள், மூன்று பாட்டைக் கோத்துக் கொடுப்பார்கள். பின்னணியில் சில வாத்தியங்கள் பதிவு செய்யப்பட்டே ஓடும். எது நேரடி, எது பதிவு என்று கண்டுபிடிக்க ஆசை இருந்தால் மேடையில் ஆள் இல்லாத வாத்தியம் கேட்கிறதா என்று பாருங்கள்.

துள்ளல் பாட்டில் சேர்ந்து பாடுங்கள், பாடகரே மைக்கை நீட்டுவார். மெல்லிய பாட்டில் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கேட்க வந்தது உங்கள் குரலை அல்ல. தாளத்துக்குக் கைதட்டும்போது, நீங்கள் வெகு பின்னால் இருந்தால் உங்கள் கைதட்டல் மேடைக்குப் போய்ச் சேரும்போது அரைத் தாளம் பிந்தியிருக்கும். இசைக்கலைஞர்கள் அதைச் சமாளிக்கப் பழகியவர்கள் என்றாலும், மெதுவான பாட்டில் தட்டாமல் இருப்பது அவர்களுக்கு உதவி.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; மாநில அரசு தளர்த்தும் சில நாட்களைத் தவிர. எனவே தாமதமாகத் தொடங்கிய கச்சேரி நீளாது, பாட்டுகள்தான் குறையும். எல்லோரும் காத்திருக்கும் பாட்டைப் பெரும்பாலும் ஒன்பதரைக்கு மேல்தான் வைப்பார்கள். நெரிசலுக்குப் பயந்து ஒன்பதேகாலுக்கு எழுந்து போகிறவர்கள் சாலையில் நின்று அந்தப் பாட்டைக் கேட்பது பரிதாபம். போகாதீர்கள். முடிந்த பிறகு இருபது நிமிடம் இருந்த இடத்திலேயே உட்காருங்கள், முதல் அலை வடிந்துவிடும். கேப் வேண்டுமென்றால் மைதான வாசலில் பதிவு செய்யாமல், கூட்டமில்லாத அடுத்த சாலைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்து போய்ப் பதிவு செய்யுங்கள். கட்டணமும் குறையும், ஓட்டுநராலும் வந்து சேர முடியும்.

மறுநாள் எழுதும்போது

அடுத்து போகிறவர்களுக்கு "செம, புல்லரிச்சிடுச்சு" என்பதால் எந்தப் பயனும் இல்லை. அதையும் எழுதுங்கள், கூடவே இவற்றையும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எந்தக் கேட்டில் நின்றீர்கள், எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள், முதல் பாட்டு எத்தனை மணிக்கு, எந்தப் பகுதியில் இடதா வலதா, வார்த்தை தெளிவாகக் கேட்டதா, கழிப்பறையும் தண்ணீரும் எப்படி, வீடு வந்து சேர்ந்தது எத்தனை மணி. பாட்டுப் பட்டியலை வரிசை மாறாமல் எழுதுங்கள். அங்கேயே போனில் ஒவ்வொரு பாட்டின் முதல் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், காலையில் எழுந்து யோசித்தால் நடுவில் நாலு பாட்டு மறந்திருக்கும். ஜோடிப் பாட்டில் கூடப் பாடியவர், புல்லாங்குழலோ வயலினோ வாசித்தவர், இவர்கள் பெயரை மேடையில் ஒருமுறைதான் சொல்வார்கள். அதைப் பிடித்து எழுதும் ரசிகர்களால்தான் அந்தக் கலைஞர்களை நாலு பேர் தேடிப்போய்க் கேட்கிறார்கள்.

அதே சுற்றுப்பயணம் அடுத்து கோவைக்கோ மதுரைக்கோ போகிறது என்றால் பட்டியலுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வரி போடுங்கள், தெரியாமல் போய்க் கேட்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். முழுப் பாட்டையும் நேரலையாகவோ வீடியோவாகவோ போடாதீர்கள். மேடையில் பாடியதன் மேல் பாடியவருக்கு இருக்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டுகளுக்குக் காக்கிறது, ஏற்பாட்டாளரும் நீக்கச் சொல்லலாம். துண்டு வீடியோவில் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரின் முகம் விழுந்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் போடுங்கள்.